ஒட்டடைக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாள்

இந்த வீட்டுக்குக் குடிவந்த இரண்டாவது வாரம், இரவு பதினொரு மணி இருக்கும். குளியலறையிலிருந்து மகள் அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், கண்ணாடிக்கு மேலே சுவரில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, நண்டு மாதிரி பக்கவாட்டில் விரித்த கால்கள். அசையவே இல்லை. மகளுக்கு அப்போது ஏழு வயது. கதவோரமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் எதையும் யோசிக்கவில்லை. பூச்சி மருந்து டப்பாவை எடுத்து அடித்தேன். அது சுவரில் இரண்டு சுற்று ஓடி, தரையில் விழுந்து, கால்களை உள்ளே மடக்கிச் சுருண்டது.

மகளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள். "அம்மா, அது ஒண்ணும் பண்ணலையே, சும்மாதானே இருந்துச்சு" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. பழைய அடுக்குமாடிக் கட்டடம், நான்காவது மாடி. பக்கத்தில் தோட்டமோ மரமோ கிடையாது. சுற்றிலும் சிமெண்ட்தான். இத்தனை உயரத்தில் இத்தனை சிலந்திகள் எங்கிருந்து வருகின்றன என்பதே அன்றைக்கு எனக்குப் புதிராக இருந்தது. அடுத்த மூன்று மாதம் விடாமல் மருந்தடித்தேன். ஆள் வைத்து வீடு முழுக்க ஒருமுறை, நானாகவே மூலைமுடுக்கெல்லாம் பலமுறை. பத்து நாளில் ஒட்டடை திரும்பவும் வந்துவிடும். அதே மூலையில், அதே ஜன்னலில், அதே குழாய்க்குப் பின்னால்.

மருந்து ஏன் பலிக்கவில்லை என்பது பிறகு புரிந்தது. சிலந்தி எட்டுக் கால்களின் நுனியில் நடக்கிறது. உடம்பு தரையில் உரசுவதே இல்லை. சுவரில் தடவிக் காயவைத்த மருந்து அதன்மேல் ஒட்டுவது மிகவும் குறைவு. வலையில் தொங்கும் சிலந்தியோ சுவரையே தொடுவதில்லை. நேராக அதன்மேல் அடித்தால் மட்டும் சாகும். அது காலி செய்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும்.

அந்த மூன்று மாதத்தில் கரப்பான்கள் கூடின. சிலந்திகளைக் கொன்றதால்தான் கூடின என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு பெரிய சிலந்தி நாளைக்கு ஒரு கரப்பானைத் தின்றால் அதுவே அதிகம். ஆனால் எனக்கு வேறொன்று உறைத்தது. நான் சிலந்தியைத் துரத்திக்கொண்டிருந்த நேரம் முழுக்க, சிலந்தி எதைத் துரத்தி வந்தது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

பார்க்க வைத்தது ஒரு காகிதம். மகள் படம் வரைகிற தாள் ஒன்று மேசைக்குப் பின்னால் விழுந்து, பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே கிடந்தது. எடுத்தபோது நடுவில் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப்பொடியாய் ஏதோ சிந்தியிருந்தது. தூசு என்று தட்டிவிடப் போனேன். மகள் விடவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வந்தாள். வெள்ளையாக இருந்தவை சிலந்தியின் எச்சம். கறுப்பாக இருந்தவை எறும்புத் தலைகள். ஒரு கொசுவின் சிறகு. இன்னும் சின்னதாக, மரத்தூள் அளவில், ஏதோ ஒரு பூச்சியின் வெற்றுடம்புகள் இருபது முப்பது. நிமிர்ந்து பார்த்தால், மேசையின் அடிப்பக்க மூலையில் ஒழுங்கே இல்லாத ஒரு சிக்கல் வலை. நடுவில் பழுப்பு உருண்டையாக அதன் சொந்தக்காரி.

இப்படி வலை கட்டும் சிலந்திகள் பெரும்பாலும் மெல்லுவதில்லை. செரிமானச் சாற்றைப் பூச்சிக்குள் செலுத்தி, கரைந்ததை உறிஞ்சிவிட்டு, ஓட்டைக் கீழே போட்டுவிடும். ஆக, ஒவ்வொரு வலைக்கும் கீழே அந்த இடத்தில் என்னென்ன பூச்சி நடமாடுகிறது என்பதற்குக் கணக்கு விழுந்துகொண்டே இருக்கிறது. நாம் அதைப் பெருக்கித் தள்ளிவிடுகிறோம். அன்றைக்கே நான்கு இடங்களில் வெள்ளைத்தாள் விரித்தோம். குளியலறைக் காற்றுப்போக்கி ஜன்னலுக்குக் கீழே, சமையலறைத் தொட்டிக்கு அடியில், புத்தக அலமாரிப் பக்கம், கூடத்து ஜன்னலோரம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் மகள் தேதி எழுதினாள்.

குளியலறைத் தாள்தான் முதலில் பேசியது. ஒரே வாரத்தில் அறுபது எழுபது சின்னச் சிறகுகள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்துப்பூச்சிச் சிறகு மாதிரி ரோமம் அடர்ந்து, இலை வடிவில் இருந்தன. சாக்கடை ஈ. ஈரச் சுவரில் சாம்பல் நிறத்தில் இதய வடிவமாக உட்கார்ந்திருக்குமே, அதுதான். தண்ணீர் போகும் குழாயின் உட்சுவரில் வழவழவென்று படிகிற பாசிப் பிசினில்தான் அது முட்டையிடும். புழுக்கள் அந்தப் பிசினையே தின்று வளரும். மேலே பறப்பதை எத்தனை அடித்தாலும் உள்ளே உற்பத்தி நடந்துகொண்டுதான் இருக்கும். கொதிநீர் ஊற்றிப் பார்த்தேன், பிசின் அசையவில்லை. கடைசியில் தரை வடிகாலின் மூடியைக் கழற்றி, நீளக் காம்புள்ள பிரஷ்ஷை உள்ளே விட்டு, குழாயின் சுவரைத் தேய்தேய் என்று தேய்த்தேன். வெளியே வந்ததைப் பார்த்து எனக்கே குமட்டியது. வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று வாரம்.

நான்காவது வாரம் தாளில் ஐந்தே சிறகுகள். அதற்கும் இரண்டு வாரம் கழித்து, காற்றுப்போக்கி மூலையில் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்த நெட்டைக்கால் சிலந்தி இல்லை. யாரும் அதைத் தொடவில்லை. சாப்பாடு நின்றது, கிளம்பிவிட்டது. மூன்று மாதம் மருந்தடித்துச் சாதிக்க முடியாததை ஒரு பிரஷ் செய்தது. அன்றிலிருந்து ஒட்டடையைக் கண்டால் என் கை துடைப்பத்துக்குப் போகாமல் தாளுக்குப் போகிறது.

மற்ற மூன்றும் அதே வழியில் துலங்கின. தொட்டிக்கடித் தாளில் முள்முள்ளாகச் சின்னக் கால்கள் கிடந்தன. கரப்பான் குஞ்சுகளுடையவை. குழாய் வேலை செய்ய வந்த தம்பி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, சுவத்துக்குள்ள குழாய் போற இடத்துல கையே நுழையுது பாருங்க" என்றார். குழாயைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி. அந்த வழி கட்டடத்தின் பொதுக் குழாய்ச் சந்துக்குப் போகிறது. அடைத்தோம். அலமாரித் தாளில் இருந்த மரத்தூள் அளவுப் பூச்சிகள் புத்தகப் பேன்கள். அவை கடிக்காது. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணத்தை மேய்பவை. அவை இருந்தால் அங்கே ஈரம் இருக்கிறது என்று பொருள். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டுக் காற்று புக விட்டதும் குறைந்துவிட்டன. கூடத்து ஜன்னலில் கொசுவும் விட்டில்களும். ஜன்னலை ஒட்டி எரிந்துகொண்டிருந்த பளிச்சென்ற வெள்ளை விளக்கை அறையின் உட்பக்கம் மாற்றி, மஞ்சள் ஒளி தருகிற எல்இடி போட்டோம். நீலம் கலந்த வெள்ளை ஒளிக்குப் பூச்சிகள் அதிகமாக வரும். மஞ்சளுக்கு அவ்வளவு வராது.

இவ்வளவும் செய்த பிறகு வீட்டில் சிலந்தியே இல்லை என்று சொல்ல வரவில்லை. அப்படி ஒரு வீடு இருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். அமெரிக்காவில் வட கரோலினாவின் ராலி நகரப் பகுதியில் 50 வீடுகளுக்குள் புகுந்து, பூச்சி, சிலந்தி போன்று அங்கே இருக்கிற கணுக்காலிகளையெல்லாம் ஆய்வாளர்கள் சேகரித்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. 50 வீடுகளிலும் சிலந்தி இருந்தது. சுத்தமாக இருக்கிற வீடு, குப்பையாக இருக்கிற வீடு என்ற பேதமெல்லாம் அதற்கு இல்லை. நான்காவது மாடிக்கு எப்படி வந்தது என்ற என் புதிருக்கும் விடை கிடைத்தது. பிறந்த சில நாட்களில் பல இனக் குஞ்சுகள் உயரமான இடத்தில் ஏறி நின்று, வயிற்றைத் தூக்கி, இழைகளைக் காற்றில் விட்டு அப்படியே பறந்துவிடுகின்றன. 1832-ல் பீகிள் கப்பலில் போன சார்லஸ் டார்வின், கரையிலிருந்து சுமார் 60 மைல் தள்ளி நடுக்கடலில் கப்பல் கயிறுகளெங்கும் சின்னச் சிலந்திகள் வந்து இறங்கியதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். கடலையே தாண்டுகிற ஜீவனுக்கு நாலு மாடி எம்மாத்திரம்.

சரி, யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். எங்கள் வீட்டில் அதிகம் இருப்பது நெட்டைக்கால் சிலந்திதான். மயிரிழை மாதிரி நீண்ட கால்கள், அரிசி அளவு உடம்பு, கூரை மூலையில் தலைகீழாகத் தொங்கும். வலையைத் தொட்டால் அல்லது ஊதினால், தன் உடம்பையே மங்கலாகத் தெரிகிற வேகத்தில் சுழற்றி ஆட்டும். எதிரிக்குக் குறி தப்ப வேண்டும் என்பதற்காக. மகள் இதற்கு ஆட்டக்காரி என்று பெயர் வைத்தாள். உலகத்திலேயே கொடிய விஷம் இதற்குத்தான், பல் குட்டையாக இருப்பதால்தான் நாம் பிழைத்தோம் என்று ஒரு கதை பல நாடுகளில் ஓடுகிறது. பொய். இதன் விஷத்தை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள், மிகவும் வீரியம் குறைந்தது. ஆனால் இது மற்ற சிலந்திகளைப் பிடித்துத் தின்பது உண்மை. நீளமான பின்கால்களால் எட்ட நின்றே நூலை வீசி, தன்னைவிடப் பெரிய சிலந்தியையும் கட்டிப்போட்டுவிடும்.

ஒரு ஆட்டக்காரி படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் முட்டையோடு இருந்தாள். முட்டைப்பை கட்டுகிற பழக்கம் இந்த இனத்துக்குக் கிடையாது. இருபது முப்பது முட்டைகளை நாலைந்து இழைகளால் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி, உருண்டையாக வாயில் கவ்விக்கொண்டே திரியும். முதலில் இளஞ்சிவப்பில் சவ்வரிசி மாதிரி இருந்தது. தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் மகள் நாற்காலி போட்டு ஏறி டார்ச் அடித்துப் பார்ப்பாள். இரண்டு வாரம் போல ஆனதும் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் மடங்கிய கால்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. பிறகு ஒருநாள் காலை உருண்டை இல்லை. தாயைச் சுற்றி வலையில் கடுகளவுக் குஞ்சுகள், கால்கள் மட்டும் நூலாய் நீண்டு, எல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மகள் லேசாக ஊதினாள். தாய் ஆடினாள். சில நாட்களில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போய்விட்டன. ஐந்து வருடத்தில் நான் பார்த்தவற்றுள் மனதில் அப்படியே நிற்பது இதுதான்.

பகலில் ஜன்னல் சட்டத்திலும் மேசையிலும் துள்ளித் திரிகிற குட்டிச் சிலந்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தாவும் சிலந்தி. வலை கட்டாது, பார்த்துப் பாய்ந்து பிடிக்கும். விரலை அசைத்தால் உடம்பைத் திருப்பி நம்மை நிமிர்ந்து பார்க்கும் சிலந்தி இது. எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டும் கூர்மையானவை; கண் வெளியே அசையாது, உள்ளே குழாய் மாதிரி நீண்ட கண்ணின் முனையில் இருக்கும் விழித்திரை மட்டும் நகர்ந்து நம்மை அளக்கும். கணினித் திரையில் அம்புக்குறியை நகர்த்தினால் துரத்திக்கொண்டு வரும். தாவுமுன் நூலைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் தாவும், தவறினால் தொங்குவதற்கு. 2022-ல் ஜெர்மனியில் செய்த ஆய்வொன்றில், இரவில் தொங்கியபடி தூங்கும் தாவும் சிலந்திக் குஞ்சுகளின் விழித்திரை, நாம் கனவு காணும்போது நம் கண் அசைவது போல அவ்வப்போது அசைவதைப் படம்பிடித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது.

அலமாரிப் பக்கம் ஒரு துப்பும் சிலந்தி இருந்தது. வெளிர் மஞ்சளில் கரும்புள்ளிகள், கூன் போட்ட மாதிரி மேடான முன்னுடம்பு, ஆறே கண்கள், மெதுவான நடை. இதைப் பகலில் பார்ப்பது அரிது. இரைக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்று, கோந்தும் விஷமும் கலந்த சாற்றைக் கொடுக்கிலிருந்து வளைத்து வளைத்துத் துப்பும். ஒரு விநாடியை 700 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும் வேலை அது. துப்புவதை நான் பார்த்ததில்லை, யாருடைய கண்ணுக்கும் அது பிடிபடாது. ஆனால் ஒருநாள் நடு இரவில், புத்தக முதுகின்மேல் ஒரு கொசு இருபுறமும் கோணல்மாணலான பசை வரிகளால் ஒட்டப்பட்டுத் துடித்துக்கொண்டிருந்ததையும், இது அவசரமே இல்லாமல் அதை நோக்கி நடந்து போனதையும் பார்த்தேன்.

சுவரில் சின்ன வெள்ளைப் பொட்டு மாதிரி ஒட்டியிருக்கும் தட்டை வலைகள் இன்னொன்றுடையவை. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். எறும்பு வந்தால் அதைச் சுற்றிச் சுற்றி ஓடியே நூலால் கட்டிவிடும். அவ்வளவுதான் அதைப் பற்றி.

முதல்நாள் குளியலறையில் நான் கொன்றது வேட்டைச் சிலந்தி, ஹெட்டெரோபோடா வெனடோரியா. வெப்பமான நாடுகளில் எங்கும் இருப்பது, கப்பல் சரக்கோடு உலகம் சுற்றியது. வலை கட்டாது. கரப்பான் அதற்கு விருப்ப உணவு. இரவில்தான் வெளியே வரும். பகலில் படத்துக்குப் பின்னால், கதவுச் சட்டத்து இடுக்கில் தட்டையாக ஒளிந்திருக்கும். அடுத்த வருடம் இன்னொன்று வந்தது. இந்த முறை மகள் அலறவில்லை. வாசலில் நின்றபடியே, "அம்மா, வயித்துக்கடியில என்னமோ வெச்சிருக்கு" என்றாள். வெள்ளையாக, நாணயம் போல வட்டமாக, தட்டையாக ஒரு முட்டைப்பை. தாய் அதை மார்போடு அணைத்த மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உள்ளே பொரிந்தால் வீடு முழுக்கக் கடுகு சிதறியது போலாகிவிடும். வெளியே விட முடிவு செய்தோம்.

டம்ளரைக் கவிழ்த்து அட்டையைச் செருகும் முறை சிறிய சிலந்திக்குப் போதும். வேட்டைச் சிலந்திக்கு டம்ளர் எடுத்தால் விளிம்பில் கால் நசுங்கும். வாய் அகலமான ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா வேண்டும். சிலந்திக்கு நேர் மேலிருந்து இல்லாமல் அதன் முன்பக்கமாக மெதுவாகக் கொண்டுபோய்க் கவிழ்த்து, சுவரோடு அழுத்தி, கெட்டியான அட்டையை ஒரு ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தினால் அதுவே காலைத் தூக்கி அட்டைமேல் ஏறிக்கொள்ளும். இழுக்கிற அவசரத்தில்தான் கால் போகிறது. கீழே தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் விட்டோம். இன்னொன்றும் இதில் சொல்ல வேண்டும். எல்லாச் சிலந்தியையும் வெளியே விடுவது அதற்கு நல்லது செய்வதாகாது. நெட்டைக்கால் சிலந்தி பல தலைமுறையாகக் கட்டடத்துக்குள்ளேயே வாழப் பழகியது. மழையிலும் வெயிலிலும் விட்டால் தாங்காது. அதை மாடிப்படிக்கு அடியிலோ சாமான் அறையிலோ விடுவதுதான் சரி.

கழுவும் தொட்டியில் காலையில் சிலந்தி கிடந்தால் குழாய் வழியாக ஏறி வந்தது என்று நினைப்பார்கள். வடிகுழாயின் வளைவில் தண்ணீர் நிற்கிறது, அதைத் தாண்டி வருவது கடினம். இரவில் தண்ணீர் தேடியோ, பெண்ணைத் தேடியோ அலைகிற சிலந்தி மேலிருந்து விழுந்திருக்கும். வலை கட்டும் இனங்களுக்கு வழுவழுப்பான பீங்கானில் ஏற முடியாது. ஒரு துணியின் நுனியைத் தொட்டிக்குள் தொங்க விட்டால் விடிவதற்குள் ஏறிப் போய்விடும்.

மகள் திரைச்சீலையில் "செத்த சிலந்தி" ஒன்றைக் கண்டெடுத்தாள். எடுத்தால் எடையே இல்லை. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு. முதுகு ஓடு மூடி மாதிரி திறந்திருந்தது, எட்டுக் கால் உறைகளும் கையுறை விரல்கள் போல வெறுமையாக இருந்தன. கண் இருந்த இடத்தில் எட்டுக் கண்ணாடிப் புள்ளிகள். சட்டை உரித்துவிட்டுப் போயிருக்கிறது. வளர வளர இப்படிப் பலமுறை உரிக்கும். உண்மையாகச் செத்திருந்தால் கால்கள் உள்ளே மடங்கிச் சுருண்டிருக்கும். சிலந்திக்குக் காலின் முக்கிய மூட்டுகளில் மடக்கத்தான் தசை இருக்கிறது, நீட்டுவது உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால். உயிர் போனதும் அழுத்தமும் போய்விடும். முதல்நாள் குளியலறைத் தரையில் சுருண்டது ஏன் என்று அன்றைக்குத்தான் மகளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனிக் கடி. போன வருடம் என் கணவருக்கு முழங்கைக்கு மேலே சிவந்து வீங்கி, நடுவில் சீழ் வைத்தது. வீட்டில் சிலந்திகளை விட்டு வைத்திருக்கிறேன் என்று எனக்குத்தான் பேச்சு விழுந்தது. மருத்துவர் முதலில் கேட்டது, "சிலந்தி கடிச்சதைப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. பாக்டீரியாத் தொற்றுக் கட்டி என்று சொல்லி, கீறிச் சீழை எடுத்து மருந்து கொடுத்தார். ஒரு வாரத்தில் ஆறியது. சிலந்திக்கடி என்று வருகிறவற்றில் நிறைய இப்படித்தானாம். நம் மொழியிலேயே சிலந்தி என்ற சொல்லுக்குக் கட்டி, புண் என்றும் பொருள் உண்டு. இரண்டையும் முடிச்சுப்போடும் பழக்கம் அவ்வளவு பழையது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 பழுப்புத் துறவிச் சிலந்திகள் பிடிபட்டன. அவை உண்மையிலேயே விஷமுள்ளவை. அந்த வீட்டில் வருடக்கணக்கில் வாழ்ந்த நால்வர் குடும்பத்தில் ஒருவருக்கும் கடி இல்லை. 2002-ல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

அதற்காக எல்லாமே சாது என்று சொல்லிவிடக் கூடாது. கருப்பு விதவை வகைகளும் பழுப்புத் துறவி வகைகளும் ஆபத்தானவை. உங்கள் பகுதியில் அவை உண்டா என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உண்டு என்றால், நாள்பட வைத்த பெட்டி, விறகு, காலணி எதையும் உதறாமல், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கடித்துவிட்டால் சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். வலி ஏறிக்கொண்டே போனாலோ, தசை இழுத்துப் பிடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, புண் கறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முடிந்தால் சிலந்தியின் படத்தோடு. ஆஸ்திரேலியாவின் சிட்னி புனல்வலைச் சிலந்தி மட்டும் தனி ரகம். அதற்குக் கைகாலை அசையாமல் வைத்து, முழுக்க அழுத்திக் கட்டுப்போட்டுக்கொண்டு ஓட வேண்டும். 1981-ல் அதற்கு முறிமருந்து வந்தது.

எல்லா ஒட்டடையையும் விட்டு வைக்கிறேன் என்றும் நினைக்காதீர்கள். கட்டில் தலைமாட்டுக்கு மேலே, அடுப்புப் பக்கம், மின்சாரப் பலகையில் ஒன்றைக்கூட விடமாட்டேன். புகை எச்சரிக்கைக் கருவியைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்கு அது அலறி, மொத்த மாடியும் படியிறங்கி ஓடியது. தீயும் இல்லை, புகையும் இல்லை. திறந்து பார்த்தால் உணரும் அறைக்குள் ஒரு குட்டிச் சிலந்தியும் நாலு இழையும். புகை என்று அது எடுத்துக்கொண்டது இதைத்தான். அதிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தூசு உறிஞ்சியை அதன் துளைகளில் வைத்து இழுத்துவிடுகிறேன். மற்ற இடங்களில் எனக்கு ஒரே கணக்குத்தான். தூசு படிந்து கறுத்துத் தொங்கினால், ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு எடுத்துவிடுவேன். நூலாம்படையாகத் தொங்குவதில் பெரும்பாலும் கைவிட்ட வலைகள்தான். ஆள் இருந்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலை என்றால் இருக்கட்டும்.

பால்கனியில் திரைக்கம்பிக்குப் பின்னால் இருந்த மண்கூடு ஒன்று சுத்தம் செய்யும்போது உடைந்தது. ஒரு அறைக்குள் மட்டும் பதினொரு சிலந்திகள், அடுக்கி வைத்த மாதிரி. சாகவில்லை, மயக்கத்தில் இருந்தன. தொட்டால் கால் லேசாக அசைந்தது. ஒன்றின் வயிற்றில் வெள்ளையாக நீளமாக ஒரு முட்டை. குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று நாம் சொல்வதன் உள்ளே நடப்பது இது. கொட்டி மயக்கிய சிலந்திகளை அடைத்து, ஒன்றின்மேல் முட்டையிட்டு மூடிவிடும். பிறக்கிற புழு அவற்றைத் தின்று குளவியாக வெளியே வரும். உடைந்த கூட்டை மகள் நெடுநேரம் பார்த்தாள். "சிலந்தியையும் யாரோ துரத்துறாங்க" என்றாள்.

அவள் பயம் எப்படிப் போனது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். "அது ஒண்ணும் பண்ணாது" என்று நான் ஒருமுறையும் சொல்லவில்லை. பயந்திருக்கும் குழந்தைக்கு அது காதில் ஏறாது. கையில் பிடிக்கவும் சொல்லவில்லை. முதலில் தாளைப் பார்த்தாள், அதில் சிலந்தியே இல்லை. பிறகு கதவோரம் நின்று டார்ச் அடித்தாள். நாற்காலி போட்டுப் பக்கத்தில் போவதற்கு ஏழெட்டு மாதம் ஆனது. வேட்டைச் சிலந்தி ஓடினால் இன்றைக்கும் பின்வாங்குவாள். அதில் தப்பில்லை, நானும் பின்வாங்குவேன்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தாள் மாற்றும் வேலை அவளுடையது, தேதியும் அவள் எழுத்தில்தான். இந்த ஞாயிறு பால்கனிக் கதவுப் பக்கத்துத் தாளை எடுத்து வந்து என்முன் வைத்தாள். மங்கலான பழுப்பில் நீளமாக நான்கு சிறகுகள். அளவுகோல் வைத்து அளந்திருந்தாள்; நான்கும் ஒரே நீளம். எறும்புச் சிறகு என்றால் முன்னிரண்டு நீளமாகவும் பின்னிரண்டு குட்டையாகவும் இருக்கும். இது ஈசல், அதாவது சிறகு முளைத்த கறையான். கதவின் மரச்சட்டத்தை மேலிருந்து கீழ்வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தோம். தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் கீழே சத்தம் மாறியது. நாளைக்கு ஆள் வந்து திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.